கண்புரை, நீரிழிவுக் கண், கருவிழிப் புண்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் நோய்ப் பிரிவில் தாதியாகப் பணியாற்றிய காலத்தில், விறாந்தை வாங்கில் காத்திருந்த நோயாளர்களும் அவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வெளிவந்த மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளை வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். அவற்றுட் பெரும்பாலானவை, நோயாளர்களை எழுமாறாக இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு சிகிச்சையைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள். அந்த முடிவுகள் பெரும்பாலும் குறித்த தவணையில் திரும்பி வந்த நோயாளர்களிடம் கிடைத்தவை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கீழே பல இடங்களில் அதைத் திரும்பவும் சொல்லவேண்டி வரும். உங்கள் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அதைப் பரிசோதித்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அம்மாவுக்குப் புரை இன்னும் முற்றவில்லை என்கிறார்கள். முற்றும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்த எண்ணம் பழைய சத்திரசிகிச்சை முறையிலிருந்து வந்தது. அக்காலத்தில் கண்வில்லையை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடியோடு வாழ்வது இலகுவல்ல என்பதால், பார்வை ஏறக்குறைய முழுதாகப் போகும்வரை காத்திருப்பதில் அன்று ஒரு நியாயம் இருந்தது. இப்போது வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே இடத்தில் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். புரை முற்ற முற்ற வில்லை கல்லாக இறுகும். இறுகிய வில்லையை உடைக்கக் கூடுதலான ஒலியலைச் சக்தி தேவைப்படும். அந்தச் சக்தி கருவிழியின் உட்பக்கத்துக் கலங்களைப் பாதிக்கும். சிலருக்கு முற்றிய புரை ஊதிப் பருத்து, கண்ணின் அமுக்கத்தைத் திடீரென உயர்த்தியும் விடும்.

அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, பஸ்சின் பெயர்ப்பலகை தெரியவில்லை, இரவில் முற்றத்தில் இறங்கப் பயமாக இருக்கிறது என்று அம்மா சொல்லத் தொடங்கினால், அதுவே கிளினிக்குக்குப் போகவேண்டிய நேரம்.

லேசர் முறையில் செய்தால் பார்வை இன்னும் நன்றாக வருமா?

யாழ்ப்பாணத்தில் பலர் “லேசர் ஒப்பரேசன்” என்று சொல்வது பெரும்பாலும் லேசரே அல்ல. அது பேகோ எனப்படும் முறை. அதில் வில்லையை உடைப்பது ஒலியலை. உண்மையான லேசரைப் பயன்படுத்தும் முறை வேறொன்று இருக்கிறது. பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் 909 நோயாளர்களிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். லேசர் முறை மேலானதாகக் காணப்படவில்லை. செலவு மட்டும் கூடியது. பிரித்தானியாவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் அதே திசையிலேயே முடிந்தது. ஆகவே, லேசருக்காகக் காணியை ஈடுவைக்கவோ வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடம் பணம் கேட்கவோ வேண்டிய தேவை இல்லை என்று துணிந்து சொல்வேன்.

பேகோவுக்கு வசதியில்லாத இடத்தில், சிறிய வெட்டினூடாகத் தையலின்றிச் செய்யும் கைமுறைச் சத்திரசிகிச்சையை இரண்டாந்தரமாக எண்ணுவதும் சரியல்ல. நேபாளத்தில் முற்றிய புரையுள்ள 108 பேரிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களின் பின் கண்ணாடி இல்லாமலே 6/18 (நல்ல கண் 18 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில் காணும் அளவு) அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றவர்கள் கைமுறையில் 89 வீதமும் பேகோவில் 85 வீதமும் இருந்தனர். இறுகிய புரைக்குக் கைமுறை விரைவானது, மலிவானது.

விலையுயர்ந்த பல்குவிய வில்லையைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கிட்டப் பார்வைக்குக் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும்; ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாக முறையிடுவோர் அதில் அதிகம். விழித்திரையில் ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அது பொருந்தாது.

இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யலாமா?

நெதர்லாந்தில் 865 பேரிடம் செய்யப்பட்டு 2023இல் வெளிவந்த ஆய்வு, தகுந்த நோயாளரைத் தெரிந்து, இரண்டாவது கண்ணை முற்றிலும் தனியான கருவிகளால் தனிச் சத்திரசிகிச்சையாகச் செய்தால் முடிவு குறைவதில்லை என்று காட்டியது. இங்கே வழக்கம் ஒவ்வொரு கண்ணாகச் செய்வதுதான். முதற்கண் ஆறுவதைப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்வதால் கெட்டுப்போவது எதுவுமில்லை. இரண்டாவது தவணைக்கு வராமல் விடுவதுதான் கெடுதல்.

சத்திரசிகிச்சைக்குப் பின் கண்ணில் கிருமி போகும் என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவதற்குரிய விடயந்தான், ஆனால் மிக அரிதானது. ஐரோப்பாவில் 16,000க்கும் மேற்பட்ட நோயாளர்களிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சையின் முடிவில் செபுரோக்சிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தியபோது, உட்கண் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகள், இதே வேலைக்கு மொக்சிபுளொக்சசினைப் பயன்படுத்தி, 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளின் பதிவை 2017இல் வெளியிட்டன. தொற்று 0.07 வீதத்திலிருந்து 0.02 வீதமாக இறங்கியிருந்தது. அதாவது பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்த தொற்று, இரண்டு பேருக்கு மட்டுமே வந்தது. எங்கள் காலநிலையில், எங்களைப் போன்ற மக்களிடம் கிடைத்த எண்கள் என்பதால், இவற்றை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

மறுநாட் காலையில் தெளிவாகத் தெரிந்த கண் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில் நோவெடுத்தாலோ, சிவந்து மங்கினாலோ, அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே வாருங்கள். இரவென்றாலும் வாருங்கள். இந்தத் தொற்றில் நாளை எண்ணுவதில்லை, மணித்தியாலத்தை எண்ணுவார்கள்.

சொட்டுமருந்து விடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆச்சி தான் விடுவதை எனக்குச் செய்து காட்டினார். தலையை நிமிர்த்தி, போத்தலை நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடித்து அமுக்கினார். முதற்துளி புருவத்தில் விழுந்தது, இரண்டாவது கன்னத்தால் வழிந்தது, மூன்றாவதைக் கண்ணுக்குள் விழுத்துவதற்காகப் போத்தலின் நுனியை இமை மயிரில் முட்டவைத்தார். ஒரு மாத மருந்து பத்து நாளில் முடிந்துவிட்டதென்று அவர் சொன்னதில் பொய் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, கீழிமையைச் சற்று இழுத்து ஒரு சிறு பையைப் போலாக்கி, நுனி எங்கும் முட்டாமல் அதற்குள் ஒரு துளி விட்டால் போதும். பின்னர் கண்ணை மூடி, மூக்கோடு சேர்ந்த கண் மூலையை ஒரு விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்குள் இறங்காது. இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து விடுங்கள். கை நடுங்குபவருக்கு வீட்டில் ஒருவர் விட்டுவிட வேண்டும்.

ஒப்பரேசன் செய்து இரண்டு வருடமாகிறது. மறுபடியும் மங்குகிறது, புரை திரும்ப வளருமா?

எடுத்த புரை திரும்ப வளராது. செயற்கை வில்லையைத் தாங்கி நிற்கும் மெல்லிய உறை சிலருக்கு மங்கும். யாக் லேசரால் சில நிமிடங்களில் அதில் ஒரு துளை போட்டுவிடுவார்கள். மங்கலுக்குக் காரணம் அதுவல்லவென்றால், விழித்திரையையும் கண்ணமுக்கத்தையும் பார்க்க வேண்டும்.

எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. சீனி வருத்தம் இருப்பதால் மட்டும் கண்ணைக் காட்ட வேண்டுமா?

ஆம், பார்வை நன்றாக இருக்கும்போதே காட்ட வேண்டும். நீரிழிவால் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் கசிந்தும் அடைபட்டும் போகும்போது, ஆரம்பத்தில் நோவும் இல்லை, மங்கலும் இல்லை. தெரியத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை கண்மணியை விரித்துப் பார்ப்பதோ விழித்திரையைப் படமெடுப்பதோ போதும். நோய் தொடங்கியிருந்தால் தவணையை வைத்தியர் நெருக்கமாக்குவார். குளிசை வழியிலும் நம்பிக்கை தரும் செய்தி வந்திருக்கிறது. ஸ்கொட்லாந்தில் 1,151 பேரிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், கொழுப்புக்குக் கொடுக்கும் பெனோபைபிரேற் ஆரம்ப நிலை விழித்திரை நோய் முற்றுவதை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைத்தது. சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டிய மருந்து என்பதால், அதை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

விழித்திரைக்கு லேசர் நல்லதா, ஊசி நல்லதா?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதுவே கடினமானது. இதற்கு நின்று நிதானித்துப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீரிழிவு முற்றியபோது விழித்திரையில் புதிய, பலவீனமான குருதிக் குழாய்கள் முளைக்கும். அவை உடைந்து கண்ணுக்குள் குருதி கசியும். தழும்பு உண்டாகி விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். விழித்திரையின் ஓரமெங்கும் லேசர் சுடுவது இதற்குப் பல தசாப்தங்களாக நடைமுறையில் உள்ள சிகிச்சை. அமெரிக்காவில் புரோட்டோகோல் எஸ் என்ற பெயரில் 305 பேரிடம் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, புதிய குழாய்களை அடக்கக் கண்ணுக்குள் போடும் ரனிபிசுமாப் ஊசியை ஒழுங்காகப் போட்டவர்களின் பார்வை, லேசர் செய்தவர்களின் பார்வையைவிடக் குறையவில்லை என்று காட்டியது. ஓரப்பார்வையும் ஊசிக் குழுவினரிடம் நன்றாகக் காக்கப்பட்டிருந்தது. அதுவரை கேட்டால் ஊசிதான் நல்லது என்று தோன்றும்.

நான்கு ஆண்டுகளின் பின் பிலடெல்பியாவிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஆறு மாதங்களுக்கு மேல் வராமல் விட்ட 59 நோயாளர்களின் 76 கண்களை அது பார்த்தது. லேசர் செய்துவிட்டு வராமல் விட்ட 46 கண்களில், விழித்திரை இழுபட்டுப் பிரிந்தது ஒன்றில் மட்டுமே. ஊசி போட்டுவிட்டு வராமல் விட்ட 30 கண்களில் அது 10 கண்களில் நிகழ்ந்திருந்தது. லேசர் ஒரு தடவை சுட்ட இடத்தில் அதன் பயன் நிலைக்கும். ஊசியின் பயன் சில வாரங்களில் வடிந்துவிடும், அடுத்த ஊசி வராவிட்டால் அடங்கியிருந்த குழாய்கள் மறுபடி முளைக்கும். ஆய்வு சிறியது, பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துச் செய்தது. ஆயினும் கண் பிரிவில் நான் கண்டதோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

நெடுந்தீவிலிருந்து வருபவரை எண்ணிப் பாருங்கள். குறிகாட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து நகருக்குப் பஸ், மாலைப் படகுக்கு முன் திரும்பவேண்டிய அவசரம். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. மாதாமாதம் வாருங்கள் என்று அவரிடம் சொல்வது இலகு. அவர் வருவது இலகுவல்ல. அப்படிப்பட்டவருக்கு லேசரே பாதுகாப்பானது என்பது என் துணிபு. நகருக்குள் இருப்பவர், கூட்டிவர ஆளுள்ளவர், தவணை தவறாதவர் ஊசியைப் பற்றி யோசிக்கலாம். ஆகவே வைத்தியர் கேட்காவிட்டாலும், “என்னால் மாதமொருமுறை வர இயலாது” என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது சிகிச்சையையே மாற்றும்.

விழித்திரையின் மையப்பகுதி வீங்கியிருந்தால் கதை வேறு. அங்கே ஊசியே முதன்மை. விலை குறைந்த பெவாசிசுமாப் போதுமா என்ற கேள்விக்கு, 2015இல் வெளியான 660 பேரின் ஆய்வு ஒரு தெளிவான பதிலைத் தந்தது: பார்வை சிறிதளவே குறைந்திருந்தால் பெவாசிசுமாப், ரனிபிசுமாப், அபிலிபெர்செப்ற் ஆகிய மூன்று மருந்துகளும் ஒன்றுதான், 6/15 அல்லது அதைவிட மோசமென்றால் முதலாம் ஆண்டில் அபிலிபெர்செப்ற் மேலானது. அதற்குப் பின்னர் 2022இல் வந்த ஆய்வு, குறைந்தளவு பார்வையுள்ளவர்களுக்கும் பெவாசிசுமாப்பில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அபிலிபெர்செப்ற்றுக்கு மாற்றினால், இரண்டு ஆண்டுகளின் முடிவில் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்று காட்டியது. விலைகுறைந்த ஊசியைத் தருகிறார்கள் என்று மனம் வருந்தவேண்டியதில்லை.

குளுக்கோமாவுக்கு வாழ்நாள் முழுவதும் சொட்டுமருந்துதானா?

அப்படி இருக்கத் தேவையில்லை. குளுக்கோமா என்பது, பெரும்பாலும் கண்ணின் அமுக்கம் கூடி, பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய். பிரித்தானியாவில் 718 பேரிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், திறந்த கோண (கண்ணுக்குள் உள்ள நீர் வடியும் வழி திறந்திருக்கும்) குளுக்கோமாவுக்கு எஸ்.எல்.ரி. என்ற லேசரை முதலிற் செய்தவர்களில் 74 வீதமானோர் மூன்று ஆண்டுகளின் பின்னும் சொட்டுமருந்தின்றியே அமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர்; ஆறு ஆண்டுகளின் பின்னும் அது 70 வீதமளவில் இருந்தது. அந்த வழி ஒடுங்கிய, ஒடுங்கிய கோணமுள்ள வகையில், 419 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வு, 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புரை இல்லாவிட்டாலும் கண்வில்லையை எடுத்துவிடுவது, வழக்கமான லேசர்த் துளையைவிட நல்ல பயன் தந்ததாகக் கண்டது. எந்தச் சிகிச்சையும் இழந்த பார்வையைத் திருப்பித் தராது, மிஞ்சியதைக் காக்கும். லேசர் செய்தவரும் அமுக்கத்தைப் பார்க்கத் தொடர்ந்து வர வேண்டும்.

வேலி அடைக்கும்போது ஓலை கண்ணில் கீறிவிட்டது. என்ன செய்வது?

நீர் விட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

நேபாளத்தின் பக்தபூரில் செய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வை நான் போகுமிடமெல்லாம் சொல்வதுண்டு. கருவிழியில் கீறல்பட்ட 442 பேருக்குக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்கள் சாதாரண குளோரம்பெனிக்கோல் களிம்பைப் போட்டார்கள். காயம்பட்டு 18 மணித்தியாலத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்குப் புண் வந்தது. ஒரு நாள் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. அதே களிம்பு, அதே கை. வேறுபட்டது வந்த நேரம் மட்டுமே.

பனங்கருக்கு, நெல்லுத்தாள், சூடடிக்கும்போது தெறிக்கும் பதர், பூவரசங்கதியால் வெட்டும்போது பறக்கும் சிராய் என்று இங்கே கண்ணில் படுவதெல்லாம் மரஞ்செடியிலிருந்து வருபவை; அவற்றோடு பங்கசும் சேர்ந்தே வரும். பங்கசுப் புண் மெதுவாகத்தான் வளரும். முதல் மூன்று நாள் “தூசு கிடந்து உறுத்துகிறது” என்ற அளவிலேயே இருக்கும். பின்னர் கருவிழியில் சாம்பல் நிறத்தில், ஓரம் பஞ்சுபோலச் சிதறிய ஒரு புள்ளி தெரியும். 2013இல் வெளியான, இந்தியாவில் 323 பேரிடம் செய்த ஆய்வில், பழைய மருந்தாகிய நட்டமைசின், புதிய வொரிகொனசோலைவிட நன்றாக வேலை செய்தது. கருவிழி ஓட்டையாவதும் குறைந்தது. புதியதும் விலைகூடியதும் எப்போதும் நல்லதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மருந்துக்கடையில் “சிவந்த கண்ணுக்கு ஒரு துளி” என்று கேட்டு, ஸ்ரீரொயிட் கலந்த மருந்தை வாங்கி விடாதீர்கள். ஒரு நாளுக்குச் சிவப்புக் குறையும், மனம் ஆறும். உள்ளே பங்கசு பரவும். தாய்ப்பாலோ நந்தியாவட்டைப் பூச்சாறோ வேண்டாம். அன்போடு செய்யும் கைவைத்தியம் என்பதை அறிவேன். ஆனால் கீறுபட்ட கருவிழிக்கு அது கிருமிக்கு விரித்துவிட்ட பாய். அருவி வெட்டும்போதும் வேலி அடைக்கும்போதும் சாதாரண பிளாஸ்ரிக் காப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டால் இவ்வளவும் தேவைப்படாது.

புண் ஆறிய பின் கண்ணில் பூ விழுந்துவிட்டது. மாற்றுக் கருவிழி கிடைக்குமா?

கிடைக்கும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம், உள்நாட்டுக்கு மட்டுமன்றிப் பல வெளிநாடுகளுக்கும் கருவிழி அனுப்பியது. தானம் செய்ய விரும்புவோருக்கு எங்கள் ஊர் வழக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் பிள்ளைகள் வரும்வரை உடலை நாட்கணக்கில் வைத்திருக்கிறோம். கருவிழியோ சில மணித்தியாலத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். உயிர் பிரிந்தவுடன் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, உடனே அறிவியுங்கள். முகம் மாறாது. கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர், நீரிழிவு இருந்தவர் எவரும் கொடுக்கலாம்.

பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் கண்ணாடியின் அளவு கூடுகிறது. தடுக்க வழியுண்டா?

சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை, பாடசாலை நேரத்தில் நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வைக் குறை (தூரத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிவது) உண்டானவர்கள் அக்குழுவில் 30.4 வீதம், வழமைபோல விட்ட குழுவில் 39.5 வீதம். விடியற்காலை ரியூசன், பின்னர் பாடசாலை, அதன்பின் மறுபடி ரியூசன் என்று வெயிலே காணாமல் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் விளையாட்டு கண்ணுக்கும் மருந்து. இந்தக் குறை கூடுவதை மெதுவாக்க விடும் மிகக் குறைந்த செறிவு அற்றோபின் சொட்டைப் பொறுத்தவரை, ஹொங்கொங் ஆய்வில் 0.05 வீதக் கரைசல் நன்றாக உதவியது, 0.01 வீதத்தால் பயனில்லை என்று 2023இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. கண் வைத்தியருடன் பேசித்தான் தொடங்க வேண்டும்.

கிளினிக்குக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கிளினிக் கொப்பி, கடைசியாகப் பார்த்த சீனி, குருதி அமுக்கப் பதிவுகள், போடும் கண்ணாடி, வீட்டிலுள்ள அத்தனை சொட்டுமருந்துப் போத்தல்கள், முடிந்துபோனவற்றையும் கொண்டுவாருங்கள். “மஞ்சள் மூடி மருந்து” என்று சொன்னால் எங்களுக்கு விளங்காது. கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டால் பல மணித்தியாலத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்துத் தெரியாது. ஆகவே மோட்டார்சைக்கிளிலோ சைக்கிளிலோ தனியே வராமல், ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.